பேம்பி 2: பனிக்காலத்திற்கும் வசந்தத்திற்கும் நடுவே இருந்த மௌனத்தை நிரப்பியது சரியா?

மௌனவாசகன் (தொடக்கப் பதிவு)

நண்பர்களுக்கு வணக்கம். 1942-இல் வெளிவந்த டிஸ்னி நிறுவனத்தின் 'பேம்பி' அசைவூட்டப் படத்தில் தாய் மான் வேட்டைக்காரனின் குண்டுக்கு இரையாகும் இடத்தைப் பார்த்தவர்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். தாய் விழுவதை நாம் காண்பதில்லை. ஓடச் சொல்லும் குரலும், ஒரு வெடியோசையும், பிறகு கொட்டும் பனியில் தாயைத் தேடி அலையும் குட்டியும் மட்டுமே நமக்குத் தரப்படுகின்றன. பேம்பியின் தந்தையும் காட்டின் இளவரசருமான மூத்த கலைமான் எதிரே வந்து நின்று, தாய் இனி உன்னுடன் இருக்க இயலாது என்று சுருக்கமாகத் தெரிவித்துவிட்டுக் குட்டியை அழைத்துக்கொண்டு பனிக்குள் மறைகிறார். அடுத்த காட்சியில் வசந்தம் வந்துவிடுகிறது, பறவைகள் பாடுகின்றன, பேம்பியின் தலையில் கொம்புகள் முளைத்துவிட்டன.

அந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவே நடந்தது என்ன என்பதைச் சொல்வதற்காகவே, 64 ஆண்டுகள் கழித்து 2006-இல் பிரையன் பிமென்டலின் இயக்கத்தில் 'பேம்பி 2' எடுக்கப்பட்டது. காலவரிசைப்படி இது முதற்படத்திற்குப் பின் வருவது அன்று. முதற்படத்தின் உள்ளேயே செருகப்பட்ட கதை. அமெரிக்காவில் நேரடியாகக் குறுந்தகட்டில் வெளியானதாலும், அக்காலத்தில் டிஸ்னி நிறுவனம் தன் பழைய படங்களுக்கெல்லாம் மலிவான தொடர்ச்சிகளை வரிசையாக வெளியிட்டுக்கொண்டிருந்ததாலும், நான் இதைப் பல ஆண்டுகள் தொடவே இல்லை. சென்ற வாரம்தான் பார்த்தேன். எதிர்பார்த்ததைவிட மிகவும் நல்ல படம் என்பதே என் கருத்து.

ஆயினும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. அந்த இடைவெளியை நிரப்பலாமா? முதற்படம் வேண்டுமென்றே வாய் மூடிக்கொண்ட இடத்தில் இன்னொருவர் வந்து பேசத் தொடங்கினால், அது மூலத்திற்குச் செய்யும் தீங்கு ஆகாதா? உங்கள் எண்ணங்களை அறிய விரும்புகிறேன்.

கோட்டோவியர்

தீங்குதான் என்பது என் துணிபு. காரணத்தைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

முதற்படத்தின் உயிர், காட்டாமல் விடுவதில் இருக்கிறது. அதன் பின்னணி ஓவியங்களுக்கு வழிவகுத்த டைரஸ் வோங், சீனாவில் பிறந்து சிறு வயதிலேயே அமெரிக்கா சென்றவர். சீனாவின் சோங் அரசர் காலத்து நிலக்காட்சி ஓவியங்களை உள்வாங்கியவர். அவருக்கு முன்னர் இருந்த முயற்சிகளில் ஒவ்வோர் இலையும் கிளையும் வரையப்பட்டதால், மான் அந்தக் கூட்டத்தில் தொலைந்துபோயிற்று. வோங் இலைகளை வரைவதை விட்டுவிட்டு, மூடுபனியையும் ஒளியையும் ஓரிரு தீற்றல்களையும் மட்டும் வைத்தார். காடு அதற்குப் பிறகுதான் பிறந்தது. வசனத்திலும் அதே கட்டுப்பாடு உண்டு. 70 நிமிடம் ஓடும் படத்தில் பேச்சு மிகக் குறைவு. மனிதன் ஒருமுறைகூடத் திரையில் தோன்றுவதில்லை. தாயின் சாவையும் காட்டவில்லை, அதற்குப் பிந்திய துயரத்தையும் காட்டவில்லை. ஓவியத்தில் விடப்பட்ட வெற்றிடமும் கதையில் விடப்பட்ட வெற்றிடமும் ஒரே மனத்திலிருந்து வந்தவை போலப் பொருந்தியிருக்கின்றன.

இத்தகைய படத்தில் நிரப்பப்படாத இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே 70 நிமிடத்திற்கும் மேலான வசனத்தையும் பாடல்களையும் கொண்டு வைப்பது, வோங்கின் மூடுபனிக்குள் புகுந்து இலைகளை ஒவ்வொன்றாக வரைவதற்கு ஒப்பானது. படம் நன்றாக இருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. நன்றாக வரையப்பட்ட இலைகளும் அங்கே வேண்டாதவைதான்.

நெடுங்காட்டான்

கலை நுணுக்கத்தில் நான் தலையிடப் போவதில்லை. மான்களைப் பற்றி மட்டும் ஒரு சொல்.

முதற்படத்துக்கான ஓவியர்கள் விலங்கின் எலும்பமைப்பையும் நடையையும் முறையாகப் பயின்றார்கள் என்பதும், மெய்ன் மாநிலத்திலிருந்து இரண்டு மான்குட்டிகள் வரவழைக்கப்பட்டு வளர்க்கப்பட்டன என்பதும் பலருக்குத் தெரிந்திருக்கும். அத்தனை உழைப்பிற்குப் பிறகும் இரண்டு படங்களிலுமே பேம்பி பனிக்காலத்தில் வெள்ளைப் புள்ளிகளுடன் திரிகிறான். வெண்வால் மான்குட்டிகளுக்கு அப்புள்ளிகள் பிறந்த மூன்று நான்கு மாதங்களில், இலையுதிர்காலம் முதிர்வதற்குள், மறைந்துவிடும். இரண்டாம் படத்தில் பனி உருகிப் பூக்கள் மலர்ந்த பின்னும் தந்தை முழுக் கொம்புகளோடு உலவுகிறார். உண்மையில் கலைமான்களின் கொம்புகள் குளிர்காலத்திற்குள் உதிர்ந்துபோய், வசந்தத்தில் மெல்லிய தோலுறையோடு மீண்டும் முளைக்கத் தொடங்கியிருக்க வேண்டும். கொம்பில்லாத இளவரசரை எந்தப் படநிறுவனமும் சுவரொட்டியில் போடாது என்பதால் மன்னித்துவிடலாம்.

இவையெல்லாம் சில்லறைப் பிழைகள். பெரிய புனைவு ஒன்று உண்டு. மான்களில் தந்தை குட்டியை வளர்ப்பதே இல்லை. இனச்சேர்க்கைக் காலம் முடிந்ததும் ஆண்மான்களாகிய கலைகள் தனித்தோ சிறு கூட்டமாகவோ ஒதுங்கிவிடும். குட்டி முழுவதும் பெண்மானாகிய பிணையின் பொறுப்பு. சில மாதங்களிலேயே பாலை மறந்து புல்லும் தளிரும் தின்னப் பழகிவிடும் குட்டி, தாயை இழந்தாலும் பனிக்காலத்தைத் தாண்டிவிட வாய்ப்புண்டு. தாய் உயிரோடிருந்தாலும், ஓராண்டு நிறைந்த ஆண்குட்டியை அவளே துரத்திவிடுவாள். எனவே இரண்டாம் படத்தில் தந்தை, ஆந்தையை அழைத்து, இவனை வளர்க்க ஒரு பிணைமானைத் தேடிக் கொடு என்று கேட்கும் இடத்தில் நான் சிரித்துவிட்டேன். இயற்கையை ஓரளவேனும் அறிந்து பேசுபவர் அந்தப் படத்தில் அவர் ஒருவரே.

மௌனவாசகன்

நெடுங்காட்டான் ஐயா வேடிக்கையாகச் சொன்னதில்தான் இந்தப் படத்தின் மையம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

தந்தை குட்டியை ஏற்க மறுப்பது கொடுமையால் அன்று. தம்மால் இயலாது என்று அவர் உண்மையாகவே நம்புகிறார். பிணைமான்களோ தங்களுக்கே இரை கிடைக்காமல் திண்டாடுகின்றன. பனி விலகும்வரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆந்தை சொல்லிவிடுவதால், வேறு வழியின்றித் தற்காலிகப் பாதுகாவலர் ஆகிறார். அந்த ஏற்பாடு பேம்பிக்குத் தெரியாது. தந்தை தன்னை வைத்துக்கொண்டுவிட்டார் என்றே அவன் எண்ணுகிறான். அவன் அவரைக் கவர ஒவ்வொரு முறை முயலும்போதும் நமக்குத் தெரிந்த அந்த இரகசியம் காட்சியின் அடியில் கிடந்து உறுத்துகிறது. குடும்பங்களுக்காக எடுக்கப்பட்ட படத்தில் இவ்வளவு நுட்பமான கட்டமைப்பை நான் எதிர்பார்க்கவில்லை.

தந்தைக்குக் குரல் தந்த பேட்ரிக் ஸ்டூவர்ட்டின் குரலையும் குறிப்பிட வேண்டும். பேம்பிக்குக் குரல் கொடுத்தவர் அலெக்சாண்டர் கூல்ட் என்ற சிறுவர். கடலில் தொலைந்த மீன்குஞ்சைத் தந்தை தேடிச் செல்லும் 2003-ஆம் ஆண்டுப் படத்தில் அந்தக் குஞ்சுக்கும் அவரே குரல் தந்தவர். ஸ்டூவர்ட்டின் கம்பீரம் தொடக்கத்தில் ஒரு சுவர் போல நிற்கிறது. இளவரசனுக்கு இது அழகன்று, இளவரசன் அப்படி நடப்பதில்லை என்று விதிகளாகவே பேசிக்கொண்டிருக்கிறார். பேம்பி அகன்ற பள்ளம் ஒன்றைத் தாண்டிக் குதித்துவிடும் இடத்தில் அந்தச் சுவரில் முதல் விரிசல் விழுகிறது. மகன் தாண்டியதைக் கண்ட மகிழ்ச்சியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் தடுமாறும் அந்தச் சில நொடிகளுக்காக நான் இந்தப் படத்தை இன்னொரு முறை பார்ப்பேன்.

கோட்டோவியருக்கு என் பதில் இது. முதற்படம் விட்டது ஒரு வெற்றிடம் என்பதை ஏற்கிறேன். ஆனால் அது இரண்டு வெற்றிடங்கள் கலந்தது. துயரத்தைச் சொல்லாமல் விட்டது கலை. தந்தை எப்படிப்பட்டவர் என்பதைச் சொல்லாமல் விட்டது, எனக்கு என்னவோ, அக்காலத்தார் அதைக் கேள்வியாகவே எண்ணவில்லை என்பதால்தான் என்று தோன்றுகிறது.

ஏட்டுச்சுவடி

சற்றுத் தாமதமாக வந்திருக்கிறேன். நீளமாக எழுதுவதற்குப் பொறுத்தருள்க. இந்த விவாதத்தில் மூன்றாவது படைப்பு ஒன்று விடுபட்டிருக்கிறது. சரியாகச் சொன்னால் முதலாவது படைப்பு.

வியன்னா எழுத்தாளர் ஃபெலிக்ஸ் சால்டன் செருமன் மொழியில் எழுதி 1923-இல் புத்தகமாக வந்த புதினமே இவை எல்லாவற்றுக்கும் மூலம். அது குழந்தைகளுக்கென எழுதப்பட்டதன்று. நாஜி அரசு 1936-இல் அதைத் தடை செய்தது. அதில் வருவது ஐரோப்பாவின் சிறிய ரோ மான்; அமெரிக்கப் பார்வையாளர்களுக்காகத் திரையில்தான் அது வெண்வால் மான் ஆயிற்று. இரண்டாம் படத்தைப் பார்த்துவிட்டு மீண்டும் அந்தப் புதினத்தைப் புரட்டியபோது, முதற்படம் எடுத்துக்கொள்ளாமல் விட்ட பல துணுக்குகள் 2006-இல் மேலே வந்திருப்பதைக் கண்டு வியந்தேன்.

தாயை இழந்த பேம்பியைப் புதினத்தில் நெட்லா என்ற முதிய பிணைமான் அரவணைத்துக்கொள்கிறது. முதற்படத்தில் அந்தப் பாத்திரமே இல்லை. இரண்டாம் படத்தில் ஆந்தை தேடிக் கொண்டுவரும் மீனா என்ற பிணைமான், நெட்லாவின் நேர் வாரிசு அல்லள் எனினும், வளர்ப்புத்தாய் என்ற எண்ணம் அங்கேயே இருந்தது. ரானோவையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதற்படத்தில் அவன் பேம்பியின் காதலி ஃபெலீனுக்காக அவனோடு மோதும் ஊமைப் பகைவன் மட்டுமே. புதினத்தில் அவன் வேட்டைக்காரனிடம் காலில் காயம்பட்டுத் தப்பியவன், அக்கதையைச் சொல்பவன். இரண்டாம் படத்தின் சிறுவன் ரானோ முதன்முதலில் தோன்றும்போது என்ன செய்கிறான்? மனிதனிடமிருந்து தான் தப்பிய கதையைக் கூட்டம் சேர்த்து அளந்துகொண்டிருக்கிறான்!

எல்லாவற்றிலும் முக்கியமானது அழைப்பொலிக் காட்சி. பேம்பி கனவில் தாயைக் கண்டு விழிக்கிறான், தாயின் குரல் கேட்கிறது, ஓடிச் செல்கிறான், அது வேட்டைக்காரன் பிணைமானின் குரலைப் போல ஊதும் ஊதல். நாய்கள் பாய்ந்து வரும்போது கால்கள் அசையாமல் உறைந்துபோகிறான். தந்தை வந்து காப்பாற்றிவிட்டுக் கடிந்துகொள்கிறார். புதினத்தில் இதே பொறி வேறு வடிவில் உண்டு. அங்கே பேம்பி வளர்ந்தவன். அவன் கேட்பது காதலி ஃபெலீனின் குரல். அவன் ஓடத் துடிக்க, மூத்த இளவரசர் வழிமறித்து, சுற்றிச் சென்று மறைவிலிருந்து பார்க்கவைத்து, அழைத்தது மனிதன் என்று காட்டுகிறார். காதலியின் குரல் இருந்த இடத்தில் தாயின் குரலை வைத்த மாற்றம் சிறியதுபோலத் தோன்றும். ஆனால் அதன் விளைவு பெரிது. காதலியைத் தேடிப் போகும் இளைஞனுக்கு எச்சரிக்கை போதும். இறந்த தாயைத் தேடி ஓடிய குழந்தையை எச்சரித்து என்ன பயன்? புதினத்தின் தந்தையால் அந்தக் காட்சியைச் சமாளிக்க முடிந்தது. படத்தின் தந்தையால் முடியவில்லை. அவர் தோற்றுப்போகும் இடம் அதுதான். தோற்கிறார் என்பதைப் படமும் அறிந்திருக்கிறது.

ஆகவே கோட்டோவியர் சொல்லும் "மூலம்" எது என்று நான் கேட்க விரும்புகிறேன். 1942-ஆம் ஆண்டுப் படமே 1923-ஆம் ஆண்டு நூலிலிருந்து தனக்கு வேண்டியதைக் கிள்ளி எடுத்துக்கொண்டதுதான்.

நிலைக்கண்ணாடி

ஏட்டுச்சுவடி அவர்களின் ஒப்பீடு அழகானது. ஆயினும் படத்தின் ஆக்குநர்கள் புதினத்தைப் பார்த்தே எழுதினார்கள் என்பதற்குச் சான்று இருக்கிறதா? தாயை இழந்த மானின் கதையை யார் எழுதினாலும் வளர்ப்புத்தாயும் போலிக்குரலும் வந்து சேரக்கூடியவைதாம்.

ஏட்டுச்சுவடி

நியாயமான ஐயம். பார்த்து எழுதினார்கள் என்று நான் சாதிக்கவில்லை. இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ரானோவின் வீரக்கதை மட்டும் தற்செயல் என்று என்னை நம்பவைப்பது கடினம்.

இருவருக்குத்தாய்

நான் இந்தப் பொருளில் தேர்ந்தவள் அல்லேன். எனக்கு ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். முதற்படத்தைக் காட்ட அஞ்சி இதுவரை தள்ளிப்போட்டுவிட்டேன். இரண்டாவதை முதலில் காட்டினால் அதிர்ச்சி குறையுமா என்பதே என் கேள்வி. அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாவேன்.

மௌனவாசகன்

அம்மா, தயவுசெய்து வரிசையை மாற்றாதீர்கள். இரண்டாம் படம் தாய் இறந்த பிறகே தொடங்குகிறது. யாரை இழந்தான் என்பது தெரியாத குழந்தைக்கு அவன் ஏன் இப்படி ஏங்குகிறான் என்பது விளங்காது. மேலும் அச்சமூட்டும் காட்சிகள் இதிலும் உண்டு. முள்ளம்பன்றியும் முயல்களும் கலகலப்பூட்டினாலும், நாய்கள் துரத்தும் இறுதிப் பகுதி நன்றாகவே நடுங்கவைக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், அது போதும்.

கோட்டோவியர்

புதினத்தைச் சுட்டிக்காட்டியதற்கு ஏட்டுச்சுவடி அவர்களுக்கு நன்றி. "மூலம்" என்ற சொல்லை நான் கவனமின்றிக் கையாண்டதை ஒப்புக்கொள்கிறேன். நேற்றிரவு படத்தை மறுபடி பார்த்தேன். அதன் பயனாகச் சில திருத்தங்களும் ஒரு பிடிவாதமும்.

வரைகலையைப் பொறுத்தவரை, அக்காலத்துக் குறுந்தகட்டுத் தொடர்ச்சிகளோடு இதை ஒரே தட்டில் வைத்து எண்ணியது என் தவறு. 1994-இல் தொடங்கிய அந்த வரிசையில் பல படங்கள் தொலைக்காட்சித் தொடரின் தரத்தைத் தாண்டாதவை. 2006-இல் பிக்ஸார் என்ற அசைவூட்டப் பட நிறுவனம் டிஸ்னியோடு இணைந்த பிறகு, அந்தத் தொடர்ச்சிகளை எடுத்த பட்டறையின் வேலை அடங்கிப்போனதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் இந்தப் படத்தில் வோங்கின் வழியை உண்மையான மரியாதையோடு பின்பற்றியிருக்கிறார்கள்; தூரத்து மரங்கள் கரைந்து வெறும் நிறமாகிவிடும் இடங்கள் பல உண்டு. வீட்டுத் திரைக்கான படங்களின் பிரிவில் இதற்கு, அசைவூட்டப் படங்களுக்கு வழங்கப்படும் ஆனி விருது கிடைத்தது தகுதியானதே. குட்டியின் கால்களில் எடை இருக்கிறது. தந்தையின் கழுத்து திரும்பும்போது அந்தப் பெரிய கொம்புத்தொகுதி குழையாமல் உடன் திரும்புகிறது. வரைந்து பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு கடினம் என்று தெரியும்.

பிடிவாதம் பாடல்களைப் பற்றியது. காட்சி தன்னால் சொல்ல முடிந்ததைச் சொல்லி முடித்த பிறகு, பாடகர் ஒருவர் வந்து அதே உணர்ச்சியைச் சொற்களில் விளக்குகிறார். முதற்படத்திலும் பாடல்கள் உண்டு. ஆனால் அங்கே அவை மழையையும் பருவத்தையும் பாடின, பாத்திரத்தின் நெஞ்சத்தை எடுத்துரைக்கவில்லை. ஏப்ரல் மழை விழும்போது கோரசும் மழையாகவே விழுந்தது. இங்கே தந்தையும் மகனும் அருகருகே நடந்தாலே போதுமான இடத்தில், அவர்கள் நெருங்கிவிட்டார்கள் என்று பாட்டு நமக்கு அறிவிக்கிறது. நம்மை நம்பாத படம் இது என்ற எண்ணம் எழுவது இந்த இடங்களில்தான்.

மௌனவாசகன்

பாடல்களைப் பற்றி உங்களோடு முழுவதும் உடன்படுகிறேன். புரூஸ் ப்ரௌட்டனின் பின்னணி இசை மட்டும் இருந்திருந்தால் படம் இன்னும் ஓங்கி நின்றிருக்கும். ஆனால் பேச்சே இல்லாமல் நிற்கும் ஓரிடத்தை நீங்கள் குறிப்பிடவில்லை.

மீனாவோடு அனுப்பப்படுகிறோம் என்று அறிந்த பேம்பி மனமுடைந்து போகிறான். வழியில் ரானோவோடு ஏற்பட்ட சண்டையில் மீனா வேட்டைக்காரனின் கண்ணியில் சிக்கிக்கொள்கிறாள். அப்போது நாய்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு பேம்பி ஓடுகிறான். முன்னர் உறைந்து நின்ற அதே கால்கள்! இறுதியில் பாறை விளிம்பு இடிந்து அவன் கீழே விழுந்து கிடக்கிறான். தந்தை வந்து முகர்ந்து பார்க்கிறார்; மகன் இறந்துவிட்டான் என்று எண்ணுகிறார். முதற்படத்தின் பிற்பகுதியில், காட்டுத்தீ பரவும்போது குண்டடிபட்டு விழுந்த பேம்பியை எழுந்திரு என்று ஆணையிட்டு எழுப்புபவர் இதே தந்தைதான். அங்கே அது அதிகாரத்தின் குரல். இந்தக் காட்சியைப் பார்த்த பிறகு முதற்படத்தின் அந்த ஆணையை நான் வேறு விதமாகக் கேட்கிறேன். ஒருமுறை மகனை இழந்ததாக எண்ணி நின்றவர், இரண்டாம் முறை அதற்கு இடம் கொடுக்க மாட்டார்.

இடைவெளியை நிரப்பியது சரியா என்று நானே தொடங்கிய கேள்விக்கு, இப்போது என்னால் சொல்ல முடிவது இவ்வளவுதான்: நிரப்பியதால் பனிக்காலக் காட்சியின் வலிமை எனக்குச் சற்றுக் குறைந்துவிட்டது, காட்டுத்தீக் காட்சியின் வலிமை கூடிவிட்டது.

கோட்டோவியர்

அந்தக் கணக்கில் எனக்கு நட்டமே மிகுதி. பனிக்காலக் காட்சிக்கு ஈடாக எதையும் வாங்க நான் அணியமாக இல்லை. ஆனால் உங்கள் கணக்கு தவறு என்று சொல்ல மாட்டேன்.

நெடுங்காட்டான்

இறுதிக் காட்சியில் தந்தை மகனை ஒரு புல்வெளிக்கு அழைத்துச் சென்று, அவன் தாயைத் தாம் முதன்முதலில் சந்தித்த இடம் இதுவே என்று சொல்கிறாரே, அங்கே மட்டும் உயிரியல் பேசாமல் வாய்மூடி இருந்தேன் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன். படம் முழுவதும் அவர் தாயைப் பற்றிப் பேச மறுத்துக்கொண்டே வந்தவர்.

ஏட்டுச்சுவடி

அதோடு புதினத்தையும் ஒருமுறை சேர்த்துப் பாருங்கள். குழந்தைப் பேம்பி தாயைக் காணாமல் அழைத்துக்கொண்டு அலையும்போது மூத்த இளவரசர் தோன்றி, உன்னால் தனியாக இருக்க முடியாதா என்று கேட்டுக் கடிந்துகொள்கிறார். புதினம் முடியும் இடத்தில், முதியவனாகிவிட்ட பேம்பி, தாயை அழைத்துத் திரியும் இரண்டு குட்டிகளிடம் அதே கேள்வியைக் கேட்கிறான். சால்டனுக்கு வளர்ச்சி என்றால் தனிமையைக் கற்றுக்கொள்வது. 2006-ஆம் ஆண்டுப் படத்தில் கற்றுக்கொள்பவர் தந்தை. அவர் கற்றுக்கொள்வது அதற்கு நேர் எதிரானது. சால்டன் இதை ஏற்றிருப்பாரா என்று எனக்கு ஐயமாக இருக்கிறது.

இருவருக்குத்தாய்

நீங்கள் சொன்ன வரிசையிலேயே இரண்டு படங்களையும் அடுத்தடுத்த நாள்களில் பிள்ளைகளோடு பார்த்தேன். பெரியவள் அழுதாள், சிறியவன் அழவில்லை, முயலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். ஆனால் படுக்கப் போகும்போது அவன் கேட்ட ஒரு கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. வளர்க்க வந்த மானுக்கு மீனா என்று பெயர் இருக்கிறது; பேம்பியின் அம்மாவுக்குப் பெயர் என்ன என்று கேட்டான்.

ஏட்டுச்சுவடி

பெயர் இல்லை, அம்மா. இரண்டு படங்களிலும் இல்லை; தந்தைக்கும் இல்லை. புதினத்திலும் ஃபெலீனின் தாய்க்கு ஏனா என்றும், முதிய பிணைக்கு நெட்லா என்றும் பெயர்கள் உண்டு. பேம்பியின் தாய் கடைசிவரை தாய் மட்டுமே. அவன் வயதில் அவனும் உங்களைப் பெயர் சொல்லியா அழைக்கிறான்?